உங்க கேனரி பாட மாட்டேங்குதா?

கேனரிப் பறவை வாங்குகிறவர்களுக்கு மூன்றாம் நாள் ஒரு கோபம் வரும். ''கடையில அந்தப் பாட்டு பாடுச்சு. வீட்டுக்கு வந்ததும் வாயில என்ன கொழுக்கட்டையா?''

எங்கள் ஊர் திருப்புல்லாணியில் இந்தக் கோபத்துக்கு ஸ்தல புராணமே இருக்கிறது. இலங்கைக்கு வழி கேட்டு, கடலரசன் பதிலுக்காகத் தர்ப்பைப் புல்லின் மேல் மூன்று நாள் படுத்துக் கிடந்தார் ராமர். பதிலே இல்லை. வில்லைக் கையில் எடுத்துவிட்டார்! சாட்சாத் ராமருக்கே மூன்று நாள்தான் பொறுமை என்றால், ரெண்டாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்த நமக்கு எவ்வளவு இருக்கும்?

ஆனால் கேனரி விஷயத்தில் மூன்று நாள் போதாது சார், சில வாரங்களாவது வேண்டும். நான் இந்தப் பறவைகளை வளர்க்கிறவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யார் வாங்கினாலும் கூண்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் காரணம், பயம். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க அட்டைப் பெட்டிக்குள் குலுங்கி வந்திருக்கும். இறங்கினால் புது வீடு, கிரைண்டர் சத்தம், ஜன்னலில் பூனை. ஆபத்தான இடத்தில் பாடுவது, 'நான் இங்கேதான் இருக்கேன், வந்து சாப்பிடு' என்று விலாசம் கொடுப்பது மாதிரி. கூண்டை உங்கள் கண் உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி வையுங்கள். தினம் ஓர் இடமாக மாற்றாதீர்கள். வருகிற விருந்தாளி எல்லாம் கூண்டைத் தட்டி, ''பாடு பாடு'' என்று கேட்பதை நிறுத்தினாலே பாதிப் பயம் போய்விடும்.

ரெண்டாவது, இறகு உதிர்ப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகெல்லாம் கொட்டிப் புதுசு முளைக்கும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சாப்பிடுகிற சத்தெல்லாம் இறகுக்கே போய்விடுவதால் பெரும்பாலான கேனரிகள் அப்போது வாயை மூடிக்கொள்ளும். கூண்டின் அடித்தட்டில் இறகு கிடந்தால், 'கச்சேரிக்கு லீவு' என்று அர்த்தம். வேகவைத்த முட்டை கொஞ்சம், கீரை கொஞ்சம் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு மாட்டுங்கள். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கொடுப்பார்கள். கடற்கரையில் பொறுக்கியது என்றால், உப்புப் போக நல்ல தண்ணீரில் பல தடவை ஊறவைத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

இந்த லீவு மூளைக்குள்ளேயே நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நாட்டபோம் என்ற விஞ்ஞானி 1981-ல் ஒரு விஷயம் எழுதினார். ஆண் கேனரியின் மூளையில் பாட்டுக்கென்று இருக்கும் பகுதிகள் வசந்தத்தில் பெருக்கின்றன, சீசன் முடிந்ததும் சுருங்குகின்றன! வளர்ந்த மூளையில் புது நரம்பு செல்கள் பிறக்காது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, பிறக்கும் என்று 1983-ல் காட்டிக் கொடுத்ததும் இதே கேனரிதான்.

மூன்றாவது, வயசு. கேனரி பாட்டோடு பிறப்பதில்லை. கேட்டுக் கேட்டுச் சாதகம் பண்ணித்தான் கற்றுக்கொள்கிறது. மூன்று நாலு மாசக் குஞ்சு வாய்க்குள் முணுமுணுக்கும், அவ்வளவுதான். பாட்டு தேற அடுத்த சீசன் வரவேண்டும்.

நாலாவது, அவசியமின்மை. கேனரி நமக்காகப் பாடுவதில்லை. 'இது என் ஏரியா' என்று மற்ற ஆண்களுக்கும், 'நான் ரெடி' என்று பெண்களுக்கும் சேர்த்துப் பாடுகிறது. கடையில் பத்து ஆண்கள் போட்டி போட்டிருக்கும். இங்கே யாரோடு போட்டி? அதே கூண்டில் ஒரு பெண்ணையும் விட்டால் பாட்டு குறைந்துவிடும். (கல்யாணமான ஆண்களுக்கு விளக்க வேண்டியதில்லை!) கண்ணாடி மாட்டினாலும் சிலது அதையே துணை என்று நினைத்து அடங்கிவிடும். செல்போனில் வேறொரு கேனரியின் பாட்டை மெதுவாகப் போட்டுப் பாருங்கள், ரோஷம் வரலாம்.

ஐந்தாவது, வெளிச்சம். இதன் பூர்வீகமான கேனரித் தீவுகளில், நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நம்ம ஊரில் சுமார் ஒரு மணி நேரம்தான். பகலின் நீளத்தை வைத்துத்தான் அது பாட்டுக்கும் இறகுக்கும் நாள் குறிக்கிறது. டிவி பக்கத்தில் வைத்து நடுராத்திரி வரை டியூப்லைட் எரியவிட்டால் அதன் பஞ்சாங்கமே குழம்பிவிடும். இருட்டினதும் தூங்கவிடுங்கள்.

இதுவரை சொன்ன மௌனத்துக்கெல்லாம் காத்திருக்கலாம். காத்திருக்கக் கூடாத மௌனம் ஒன்று உண்டு. இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறதா? மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதா? மூச்சில் 'டிக் டிக்' சத்தமா? சுவாசக் குழாயில் ஒருவகை நுண்பேன் புகுந்தாலும் குரல் போய்விடும். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சமையலறையில் கூண்டே வேண்டாம். நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். சாம்பிராணி, கொசுவர்த்தியும் ஆகாது. விஷவாயுவைக் கண்டுபிடிக்க பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980-கள் வரை கேனரியைத்தான் கொண்டு போனார்கள். அவ்வளவு நாசூக்கான நெஞ்சு!

கடைசிக் காரணம், பெரும்பாலோர் நினைத்தே பார்க்காதது. நீங்கள் வாங்கியது பெண்ணாக இருக்கலாம். ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான். கீச்சிடுவதோடு பெண் நிறுத்திக்கொள்ளும். குயிலும் அப்படித்தானே? 'கூக்கூ' என்று ஊரைக் கூட்டுவது கறுப்பு ஆண். நம் சினிமாக்காரர்கள்தான் குயிலுக்குப் புடவை கட்டிவிட்டார்கள்.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் ரெண்டு மாசம் தவம் கிடந்தார். ஒரு நாள் விடியற்காலை ஓடி வந்தார். ''அண்ணே, பாடலைண்ணே... முட்டை போட்டிருக்கு!''

கடைக்காரர் 'கேரண்டி ஆண்' என்று கொடுத்ததாம். தம்பிக்கு ஆத்திரம். ''தை அமாவாசைக்குச் சேதுக்கரையில திறந்து விட்டுடறேன். புண்ணியமாவது கிடைக்கட்டும்.''

புண்ணியமா? கூண்டிலேயே பல தலைமுறை பிறந்து வளர்ந்த ஜாதி அது. இரை தேடத் தெரியாது, எதிரி யாரென்று தெரியாது. காக்காய்க்கு ஒரு வேளை டிபன், அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள், வாசல் கூட்டிக்கொண்டிருந்த அவருடைய அம்மா கேட்டார்: ''நான் என்னைக்குடா பாடினேன்? எனக்குச் சோறு போடலையா நீ?''

கூண்டு மறுபடி ஆணியில் ஏறிவிட்டது. இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரரின் வாயை நம்பாதீர்கள், பறவையின் தொண்டையை நம்புங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, தொண்டை புடைக்க அதுவே பாடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு காசை எடுங்கள். காலில் வளையம் இருந்தால் அதில் பிறந்த வருஷம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் பாடாமல் போனால், பாடாத பறவைக்கும் தினம் தீவனமும் தண்ணீரும் வைக்கிற மனசு உங்களுக்கு உண்டா? உண்டென்றால் கூண்டைத் தூக்குங்கள். இல்லையென்றால் பேசாமல் ஒரு ரேடியோ வாங்குங்கள். அதுக்கு இறகு உதிராது!