ஆனி மாதத்தில் ஒரு நிதானம்

ஆங்கில வருஷம் பாதி கழியும் ஜூன் மாதம் முப்பதாந் தேதியோடு ஒரு பசலி முடிந்து, ஜூலை முதல் தேதியில் மற்றொரு பசலி பிறக்கின்றது. பசலி என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். அறுவடை, பருவம் என்பவை அதன் பொருள். விளைவை ஒட்டித் தீர்வை வாங்கவேண்டும் என்னும் கருத்தோடு முகலாயர் ஆட்சியில் ஏற்பட்ட இக் கணக்கு, சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி மாதப் பிறப்பை ஒட்டி நடந்து, 1855-ம் வருஷத்திலிருந்து ஜூலை 1-ந் தேதியில் நிலைபெற்றது. 2025-ம் வருஷம் ஜூலையில் பிறந்தது 1435-ம் பசலியாகும். ஆகவே, சுவரில் தொங்கும் காலண்டருக்கு நடு வருஷமாகிய நாள், நிலம் உடையவருக்கு வருஷத்தின் தலைவாசலாக அமைகின்றது. இந்தத் தலைவாசலில் சர்க்கார் சற்று நின்று பார்க்கத் தவறுவதில்லை. மே, ஜூன் மாதங்களில் ஜமாபந்தி நடத்திக் கிராமக் கணக்குகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்கின்றது. குடியானவர்களில் தம் சொந்தக் கணக்கை அவ்வாறு நிறுத்திப் பார்ப்பவர் மிகச் சிலரே.

காவிரிப் பாசனப் பகுதியில் இவ்வாறு நின்று பார்க்க வசதியான காலம் ஆனி மாதந்தான். தரிசு நிலத்து உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்து நெடுநாளாயிற்று. வயல் வெடித்துக் கிடக்கின்றது, வாய்க்கால் வறண்டிருக்கின்றது. தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும், "மேட்டூரில் எத்தனை அடி?" என்ற ஒரே கேள்வி. 1934-ம் வருஷத்தில் கட்டி முடிந்த அந்த அணைக்கு முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடிக் கன அடி. ஜூன் 12-ந் தேதி திறந்து ஜனவரி 28-ந் தேதி மூடுவது வழக்கம்.

வழக்கம் வேறு, நடப்பு வேறு. 2020, 2021, 2023, 2025 ஆகிய வருஷங்களில் ஜூன் 12-ந் தேதியே அணை திறக்கப்பட்டது. 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2018-ல் ஜூலை 19, 2019-ல் ஆகஸ்டு 13, 2024-ல் ஜூலை 28 என்று தள்ளிப் போயிற்று. 2012, 2016, 2017 ஆகிய வருஷங்களிலோ செப்டம்பர், அக்டோபர் வரையில் காத்திருக்க நேர்ந்தது. திறந்துவிட்டால் மட்டும் கவலை தீர்ந்ததென்று சொல்லவும் இடமில்லை. 2023-ல் உரிய தேதியில் திறந்த அணை, நீர் குன்றியதனால் அக்டோபர் 10-ந் தேதியே மூடப்பட்டது. அதை நம்பிக் குறுவையும் அதன்மேல் தாளடியும் என்று திட்டமிட்டவர்கள் பட்ட பாட்டைப் பாசன கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை.

இதன் காரணத்தை எண்களிலேயே காணலாம். 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நீர் வருஷத்திற்கு 177.25 டி.எம்.சி. அதில் ஜூன் மாதப் பங்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95. பெரும் பங்கு பின்னால் வருகின்றது. ஜூன் மாதத்துக் குறுவை, அணையில் ஏற்கனவே தேங்கியிருக்கும் நீரைக் குடித்தே வளரவேண்டும். ஆகவே, "அணை திறந்தார்களா?" என்று கேட்டு ஏரைப் பூட்டும் குடியானவர், கேள்வியின் பாதியை மட்டுமே கேட்டவராகின்றார்.

பாக்கிப் பாதியைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. தண்ணீர் வரும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவதை விட்டு, பயிர் முடியவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். குறுவைக்கு எல்லை வடகிழக்குப் பருவமழை. அது ஏறக்குறைய அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டித் தொடங்கும். ஆடுதுறை 36, ஆடுதுறை 43, ஆடுதுறை 45 ஆகிய ரகங்களின் வயது, நாற்றங்கால் நாட்களையும் சேர்த்துச் சுமார் 110 நாள். ஜூன் 30-ந் தேதி விதைத்தது அக்டோபர் 18-ந் தேதி அரிவாளுக்கு வரும். அதற்கு மேல் விதைக்கும் ஒவ்வொரு நாளும் மழைக்குள் தலை நீட்டும் நாளாகும். ஜூலை நடுவில் விதைத்த குறுவை நவம்பர் முதல் வாரத்தில் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிடும். மிஞ்சியதைக் களத்தில் உலர்த்த வெயில் இராது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அனுமதித்த ஈரப்பதமோ 17 சதவீதம். கதிர் அடித்த நெல்லைச் சாலையோரத்தில் படுதா போட்டு மூடிக் காத்துக் கிடக்கும் காட்சி, பெரும்பாலும் ஆனி மாதத்தில் எண்ணாமல் விட்ட பத்துப் பதினைந்து நாட்களின் பலனே.

சம்பாவுக்கும் இக் கணக்கே. அணை மூடும் ஜனவரி 28-ந் தேதியை எல்லையாகக் கொண்டால், 160 நாள் வயதுள்ள சி.ஆர். 1009 ரகத்தை ஆகஸ்டு 21-க்குள் விதைத்தாக வேண்டும். அந்த நாள் தப்பினால் 135 நாள் ரகத்துக்கு இறங்கவேண்டும். அதற்கும் செப்டம்பர் 15-ந் தேதியோடு வாய்ப்பு முடிகின்றது. முடிவில் பத்து நாள் வயல் காய்ந்தால் பாதகமில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தப் பத்து நாளை ஆனியிலேயே செலவு எழுதிவிடுவது உசிதமன்று.

ஓர் உதாரணம் கொள்வோம். ஐந்து ஏக்கர் நஞ்சையும் பங்கில் ஓர் ஆழ்குழாய்க் கிணறும் உடைய ஒருவர் இருக்கின்றார். ஐந்திலும் குறுவை போடவேண்டும் என்பது அவர் ஆசை. குறுவைப் பணம் வந்தால்தான் சம்பாவுக்கு உரம் வாங்கலாம். பிள்ளைகளின் பள்ளிச் செலவும், சொசைட்டிக் கடனின் தவணையும் நிற்கின்றன. இந்த நெருக்கடியைக் கருதாமல் அவருக்கு யோசனை சொல்லுவதில் பயனில்லை. ஆயினும் கிணறு தாங்குவது இரண்டு ஏக்கரே என்றால், அவர் துணிந்து செய்யக்கூடியதும் இரண்டு ஏக்கரே. ஏக்கருக்கு 24 கிலோ விதையும் 8 சென்டு நாற்றங்காலும் போதும். மற்ற மூன்று ஏக்கரை வெறுமனே விட வேண்டியதில்லை. முதல் ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில், பூக்குமுன் மடக்கி உழுது, ஒரு வாரம் பத்து நாள் மக்கவிட்டு, நீண்ட கால சம்பாவை நடலாம். ஜூலை முதல் வாரத்தில் விதைத்த பூண்டு ஆகஸ்டு இருபது தேதி அளவில் உழவுக்கு வரும். ஆகஸ்டு தொடக்கத்தில் விட்ட நாற்று செப்டம்பர் முதல் வாரத்தில் நடவுக்கு வரும். இரண்டும் கை கோத்துக்கொள்கின்றன. இதனால் யூரியாச் செலவும் ஓரளவு குறையும்.

குறுவை போட்ட அந்த இரண்டு ஏக்கரில் தாளடி நடுவதில்தான் பலர் இடறுகின்றார்கள். செப்டம்பர் 15-க்குள் தாளடி நாற்று விடவேண்டும். அப்போது குறுவை வயலிலேயே நிற்கும். ஆகையால் நாற்றங்காலுக்கு வேறிடத்தில் பதினாறு சென்டு இப்பொழுதே ஒதுக்கி வைக்கவேண்டும். ஒதுக்காதவர் அக்டோபர் மாதத்தில் ஊர் ஊராய் நாற்றுக்கு அலைந்து, முதிர்ந்த நாற்றைக் கேட்ட விலைக்கு வாங்கி நட்டு, அது வேர் பிடிக்குமுன் அடைமழையில் மூழ்கக் காண்பார்.

ஆழ்குழாய் இல்லாத கடைமடைப் பகுதி வேறு விதம். வேதாரணியம், திருத்துறைப்பூண்டிப் பக்கங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிப்பதனால் வாய்க்காலே கதி. மேட்டூரில் விட்ட நீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கடைசி வயலை எட்டுவதற்கு எத்தனை நாள் என்பது, நடுவில் உள்ள வாய்க்கால்களின் தூரைப் பொறுத்தது. அங்கே ஜூன் முடிவுக்குள் விதைப்பது துர்லபம். அத்தகைய இடத்தில் குறுவையை அடியோடு விட்டு, ஒருபோகச் சம்பாவை உரிய நாளில் செய்வதே விவேகம் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். பள்ளமான வயலுக்குச் சி.ஆர். 1009 சப் 1 போன்ற, வெள்ளத்தைச் சில நாள் தாங்கும் ரகம் ஏற்றது.

விதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஒரு வாரத்தில் உண்மை தெரியும். எண்பதுக்குக் குறைந்து முளைத்தால் அவ் விதை அரிசிக்கே உரியது. மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதும் வயல் காய்ந்துள்ள இப்போதுதான். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றை விலக்கி எடுக்கவேண்டும்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதில் 'தேடி' என்ற சொல்லைப் பலர் காதில் வாங்குவதில்லை. தேடுவதற்கென்று ஒரு காலம் வேண்டுமல்லவா? அக் காலம் ஆனி.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இந் நாட்களில் ஒரு பொறுப்பு உண்டு. இரண்டாம் நம்பர் கணக்காகிய அடங்கலில் சென்ற பசலியின் பயிரைப் பார்த்து எழுதும் பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. தக்கைப்பூண்டு நிற்கும் சர்வே நம்பரில் குறுவை என்று எழுதினால் அன்று ஒருவருக்கும் நஷ்டமில்லை போல் தோன்றும். பிறகு புயலோ வெள்ளமோ வரும்போதுதான் அது தெரியவரும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரணியத்துக்கு அருகே கரை கடந்த பின்பு நிவாரணத்துக்கு அடிப்படையாக நின்றவை இத்தகைய கிராமப் பதிவுகளே. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும், ராபி பருவத்து உணவுப் பயிருக்குக் குடியானவர் கட்டவேண்டிய பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதந்தான், ஆயினும் அடங்கல் சரியில்லாவிடில் அந்தச் சிறு தொகை கட்டியும் கைக்கு எட்டுவது சந்தேகம். மாதாந்தரப் பயிராய்வை வயலில் நின்றே செய்தல் வேண்டும்.

கடைசியாக, ஒரு மதகின் கீழ் உள்ளவர்கள் தனித்தனியே முடிவு செய்வதால் வரும் கேடு ஒன்று உண்டு. சுற்றிலும் தரிசாக இருக்க நடுவில் ஒருவர் மட்டும் குறுவை போட்டால், ஊர் எலியெல்லாம் அவர் வயலுக்கு வரும். பத்து நாளுக்குள் அனைவரும் விதைத்தால் தண்ணீர் முறையும் எளிது. புகையானும் ஓரளவு அடங்கும். ஆதலால் ஆடி பிறக்குமுன் மதகுவாரியாக ஒரு மாலை கூடி, கடைமடைக்காரரை முதலில் பேசவிட்டு, எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பயிர், எந்த ரகம், எந்தத் தேதிக்குள் விதைப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். அதன் பிரதியொன்று கிராம நிர்வாக அலுவலரிடமும், மற்றொன்று உதவி வேளாண்மை அலுவலரிடமும் இருந்தால், விரிவாக்க மையத்தில் சம்பா விதை எவ்வளவு வைக்கவேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.