29 அங்குல மைதானம்

ஏப்ரல் 15 வந்தால் வடசென்னைக் காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். பகலில் எல்லாரும் துறைமுகத்தில்தான்: ஒருவர் என்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார், ஒருவர் பெயின்ட் அடிப்பார், நாலு பேர் வலையை விரித்துக் கிழிசல் பார்ப்பார்கள். பொழுது சாய்ந்தால் கேரம். தெருமுனையில் ஸ்டாண்டு போட்டு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் கிளப் தயார். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு. ரெட் விழுந்ததும் "ஃபாலோ போடு மச்சி!" என்று சுற்றி நிற்கிற அத்தனை பேரும் கத்துவார்கள். அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குக் கூட்டம் கலையாது.

வியாசர்பாடிக்குக் கால்பந்து; இங்கே ஏன் கேரம்? இடம் இல்லை, அவ்வளவுதான் என்பேன். சென்னைத் துறைமுகத்துக்கு 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர். தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் தொடங்கிக் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கல்லைக் கொட்டித்தான் மிச்சக் கரையைக் காப்பாற்றுகிறார்கள். இந்த நெரிசலில் 29 அங்குலச் சதுரத்தில் முடிந்துவிடும் ஆட்டம் வேரூன்றியதில் ஆச்சரியமில்லை.

அந்த இளவரசர் பட்டத்துக்குப் பெயர் தந்த வேல்ஸில் கதை வேறு. அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் சில்லறை பிடித்துப் போட்டு ஊருக்கு ஊர் நூலகமும் அரங்கமும் கட்டினார்கள். டிரெடிகர் ஊரில் அப்படிச் சேர்த்த மருத்துவ நிதியைப் பார்த்து வளர்ந்தவர் அனைரின் பெவன். சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். அமைச்சரானதும் 1948-இல் பிரிட்டன் முழுக்க இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அங்கே தொழில் போய் அரங்கம் மிஞ்சியது. காசிமேட்டில் தொழில் இருக்கிறது, அரங்கம் கட்டத் தரைதான் இல்லை.

சில்லறை சேர்க்கும் பழக்கம் இங்கும் உண்டு. போர்டும் காயும் பவுடரும் சந்தாப் பணத்தில்தான். தடைக்காலத்துக்கு அரசு ஒரு குடும்பத்துக்குத் தருவது 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? ஓனரிடம் முன்பணம் வாங்கித்தான் பலருக்கு அடுப்பெரிகிறது. மீன் விற்கும் பெண்களுக்கோ தடைக்காலம் ஓய்வுக்காலமே இல்லை. தடை இல்லாத ஃபைபர் படகில் வருவதையும் வெளியூரிலிருந்து லாரியில் வரும் ஐஸ் மீனையும் ஏலத்தில் எடுத்து, விலை கேட்டு முறைக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் தெருமுனைக் கூட்டம் பெரும்பாலும் ஆண்கள் கூட்டம். ஆனால் 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் 3 தங்கம் வென்றவர் பக்கத்துச் செரியன் நகர்ப் பெண் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. நல்லதுதான். அதோடு, மழை வந்தால் போர்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாத, பெண் பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கும் உட்கார்ந்து ஆடக்கூடிய ஒரு கூரையும் வேண்டும். இடத்துக்கு எங்கே போவது என்பார்கள். அந்த 61 நாளும் ஏலக்கூடத்தில் பாதி சும்மாதானே கிடக்கிறது? மாலையில் திறந்துவிட்டால் போதும்.