சிக்னல் இல்லாத மலைக்கு என்ன நூலகம் வேணும்?

இந்த எபிசோட்ல நூலகத்தையும் டெக்னாலஜியையும் பத்திப் பேசப் போறோம். "நூலகத்தை டிஜிட்டல் ஆக்கணும்"னு யாராவது சொன்னா நாம எல்லாரும் தலையாட்டிடுவோம். யாருக்காக, எதை முதல்ல, எந்தக் காசுலன்னு கேக்குறது குறைவு. அதனால இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கஷ்டமான இடத்துல வெச்சுப் பார்க்கலாம்னு நினைக்கிறேன். அந்த இடம் சித்தேரி.

தருமபுரி மாவட்டத்துல, அரூர்ப் பக்கம், கிழக்குத் தொடர்ச்சி மலையில இருக்கு சித்தேரி. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்ற ஊர். பேரைக் கேட்டு கேரளான்னு நினைச்சுடாதீங்க, மலையில வாழ்றவங்கங்கிற அர்த்தத்துல வந்த பேரு அது. அவங்க பேசுறது தமிழ்தான். ஊராட்சி ஒண்ணு, ஆனா வீடுகள் சின்னச் சின்ன ஊர்களா மலை முழுக்கச் சிதறி இருக்கு. இந்த மாதிரி மலையில போன் சிக்னல் ஒரு மேட்டுல கிடைக்கும், அடுத்த பள்ளத்துல போயிடும். அங்க ஒரு பொண்ணு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாங்கன்னு கற்பனை பண்ணிக்கோங்க. அவங்களுக்கு ஒரு நூலகம் என்ன செய்யணும்?

இது புதுக் கேள்வி இல்ல. 1931-லயே நம்ம ஊர்ல ஒருத்தர் இதுக்குப் பதில் செஞ்சு காட்டியிருக்கார். மன்னார்குடி பக்கத்துல மேலவாசல்ங்கிற ஊர்ல, கனகசபைப் பிள்ளைங்கிற பொறியாளர் ஒரு மாட்டு வண்டியை நூலகமா மாத்தினார். வண்டிக்குள்ள புத்தகம் அடுக்கி, கிராமம் கிராமமா அனுப்பினார். அதைத் தொடங்கி வெச்சவர் சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அதே வருஷம்தான் அவரோட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் புத்தகமும் வந்துச்சு. அதுல நாலாவது விதி, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்னு சொல்லுது.

அந்த நேரத்துல கார் இருந்துச்சு, லாரி இருந்துச்சு. ஆனா அன்னைக்குக் கிராமத்துப் பாதைக்கு மாட்டு வண்டிதான் சரி. வண்டி உடைஞ்சா அந்த ஊர்த் தச்சரே சரி பண்ணிடுவார். எது புதுசுன்னு பார்க்காம, அந்தப் பாதையில எது ஓடும்னு பார்த்திருக்காங்க. இன்னைக்கும் அங்கிருந்துதான் தொடங்கணும்னு நான் நினைக்கிறேன். எந்தக் கருவியா இருந்தாலும், வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: நெட் இல்லாத நாள்ல இது ஓடுமா?

ஒரு மின்நூல் ஆப் எடுத்துக்கோங்க. உள்ள போகணும்னா ஓடிபி வரணும். சிக்னல் இல்லேன்னா ஓடிபி வராது. மேட்டுக்கு ஏறிப் போய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள அது காலாவதி ஆயிடும். இன்னொரு சிக்கலும் இருக்கு. வீட்டுக்கு ஒரே போன், அது அண்ணன் கையிலயோ அப்பா கையிலயோ இருக்குன்னா, அந்தப் பொண்ணு ஒரு புத்தகம் திறக்கக்கூட அவங்ககிட்ட கேக்கணும். அலமாரியில இருந்து எடுக்குற புத்தகத்துக்கு இந்த அனுமதி தேவையே இல்ல. டிஜிட்டல் ஆக்கினதும் கதவு ஒண்ணு கூடிடுச்சு, பார்த்தீங்களா?

இதுக்கு மாற்று இருக்கு. கிவிக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள். விக்கிப்பீடியாவை மொத்தமா ஒரே கோப்பாச் சுருக்கி, நெட் இல்லாம படிக்க வைக்குது. தமிழ் விக்கிப்பீடியாவுல ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டுரைகள் இருக்கு. அத்தனையும் ஒரு மெமரி கார்டுல அடங்கிடும். ராஸ்பெர்ரி பை மாதிரி உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்ல அந்தக் கார்டைப் போட்டா, அதுவே ஒரு வைஃபை கொடுக்கும். பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க போன்ல பிரவுசரைத் திறந்து படிக்கலாம். டேட்டா வேண்டாம், ஓடிபி வேண்டாம். கருவிக்கு ஆகுற செலவு சில ஆயிரம் ரூபாய்தான்.

அதுல விக்கிப்பீடியா மட்டும் வைக்கணும்னு இல்ல. தமிழ்நாட்டுல ஒரு நல்ல வழக்கம் இருக்கு: நாட்டுடைமை. கல்கி, புதுமைப்பித்தன் மாதிரி எழுத்தாளர்களோட படைப்புகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கு. யார் வேணும்னாலும் நகல் எடுக்கலாம், பரப்பலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல ஏராளமான பழைய புத்தகங்கள் ஸ்கேன் ஆகி இருக்கு. பள்ளிப் பாடநூல்களும் இணையத்துல இலவசமாக் கிடைக்குது, குரூப் 4-க்குப் படிக்கிறவங்களுக்கு முதல்ல வேண்டியதே அதுதான். நெட் இருக்குற அரூர்லயோ தருமபுரியிலயோ, பகிர அனுமதி உள்ளதாப் பார்த்து இறக்கி, மாசம் ஒரு தடவை பென் டிரைவ்ல மலைக்குக் கொண்டுபோகலாம். அந்த பென் டிரைவ்தான் இன்னைக்கு மாட்டு வண்டி.

ரெண்டாவது கேள்வி: இதனால யாரோட நேரம் மிச்சமாகுது?

பெரிய நூலகங்கள்ல ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளயும் ஒரு சில்லு ஒட்டி, வாசகரே இயந்திரத்துல காட்டி எடுத்துட்டுப் போற வசதி இருக்கு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல ஆள் வர்ற இடத்துல அது வரிசையைக் குறைக்கும், நல்ல விஷயம். சின்ன ஊர்ப்புற நூலகத்துல வரிசையே இல்ல. அங்க நேரம் போறது வேற இடத்துல: நடந்து வந்து பார்த்தா நூலகம் பூட்டியிருக்கு, இல்லேன்னா கேட்ட புத்தகம் இல்ல. 'இன்னைக்குத் திறந்திருக்கு, இந்தப் புத்தகம் வந்திருக்கு'ன்னு ரேஷன் கடைச் சுவர்ல ஒரு கரும்பலகையில எழுதிப் போட்டா, அங்க அது சில்லை விட அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூணாவது கேள்வி: பழுதானா யார் பார்ப்பாங்க?

2006-ல ஆரம்பிச்ச அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல கிராம ஊராட்சிகளுக்கு நூலகங்கள் கட்டினாங்க. அப்புறம் அதுல பலது பூட்டிக் கிடந்ததைச் செய்திகள்ல பார்த்திருப்பீங்க. சுவரும் அலமாரியும் இருந்தாப் போதாது, திறந்து வைக்க ஆள் வேணும். கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். வாங்குற காசோட, அதைப் பார்த்துக்குற ஆளோட சம்பளமும் பயிற்சியும் சேர்ந்ததுதான் உண்மையான விலை.

மென்பொருளுக்கும் இது பொருந்தும். நியூசிலாந்துல ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக உருவாக்கி 2000-ல பயன்பாட்டுக்கு வந்த கோஹா, இன்னைக்கு உலகம் முழுக்க நூலகங்கள்ல ஓடுது. அது திறந்த மூல மென்பொருள், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் உங்க பட்டியல் உங்ககிட்டயே இருக்கும்.

இதையெல்லாம் நகரத்துல இருக்குற நாம ஏன் பேசணும்? 1948-ல வந்த மெட்ராஸ் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவோட முதல் பொது நூலகச் சட்டம். அந்தச் சட்டப்படிதான் சொத்து வரியோட நூலக வரி வசூலிக்கிறாங்க. இப்போ அது ரூபாய்க்கு 10 பைசா. அந்தந்தப் பகுதியில வசூலாகுறது அந்தந்தப் பகுதி நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். சென்னையில கட்டடம் அதிகம், வரியும் அதிகம். ஓட்டு வீடும் காடும் இருக்குற மலையில எவ்வளவு வசூலாகும்? தப்பான கருவியை வாங்கினா பெரிய நகரம் தாங்கிக்கும். சித்தேரி மாதிரி ஊருக்கு அது சில வருஷத்துப் புத்தகக் காசு.

கடைசியா ஒரு சின்ன யோசனை. உங்க தெருப் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்க. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, வாசகர்கள் கேட்டுக் கிடைக்காததை மட்டும் ஒரு மாசம் அதுல எழுதி வைக்க முடியுமான்னு நூலகர்கிட்ட கேளுங்க. கேட்டவங்க பேரு வேண்டாம், யார் என்ன படிக்கிறாங்கங்கிறது அவங்க சொந்த விஷயம். அந்த நோட்டைப் படிச்சா முதல்ல எதை வாங்கணும்னு தெரியும். அது கம்ப்யூட்டரா இருக்கலாம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கூடுதலாத் திறந்து வைக்கிறதாவும் இருக்கலாம். நோட்டுல என்ன வந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.