தவளை தன் வாயால் கெடும்

ஊர்ப்பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதிவிடுவார். இரண்டு, மூன்று வாரத்தில் பலருக்கும் ஆறிவிடும். ஆற்றியது மண் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி. அது குறைந்தவருக்கு அக்கி வரும்போதுதான் இது புரியும்.

சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் உண்மையில் போவதே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். காவல் தளர்ந்தால் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கம் மட்டும், பட்டைபோலக் கிளம்புகிறது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், எச்ஐவி உள்ளவர் போன்றோருக்கு அது பட்டையைத் தாண்டி உடம்பெங்கும் சிதறலாம்; நுரையீரல், மூளைவரை போகலாம்.

அப்போது டிரிப்ஸில் ஏற்றுவது அசைக்ளோவிர். 1970களில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் பிறந்த மருந்து. அந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முனைவர் பட்டம் படித்து முடிக்காதவர் அவர்!

இந்த மருந்தின் சாமர்த்தியத்தைச் சொல்லியாக வேண்டும். ரத்தத்தில் அது கிட்டத்தட்ட வெறும் பொடி. வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனதும், வைரஸின் நொதியே அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மேலும் இரண்டை நம் செல் ஒட்டுகிறது. இப்போது அது மரபுச்சங்கிலியின் ஒரு கண்ணியைப்போலவே இருக்கும். வைரஸ் ஏமாந்து கோத்துக்கொள்ளும். ஆனால் அடுத்த கண்ணியை மாட்ட அதில் கொக்கி கிடையாது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் நிறுத்துகிறது. மிச்சத்தைத் துடைக்க எதிர்ப்புச் சக்தி வேண்டும். அது இல்லாத உடம்பில், அந்த நொதியையே இழந்த வைரஸ்கள் சில தப்பிப் பெருகும். அவற்றுக்கு ஃபாஸ்கார்னெட். நொதியின் தயவு வேண்டாத மருந்து; ஆனால் சிறுநீரகத்தைப் படுத்திவிடும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைச் சற்றுக் குறைக்கவும் மருத்துவர் யோசிப்பார். ஒரேயடியாகக் குறைத்தால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தையே தள்ளிவிடலாம்.

நீங்கள் அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுபவரா? ஒரு பக்கம் எரிச்சலோடு கொப்புளம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.