அரக்கில் பதிந்த மின்னோசை

அரக்கு என்றதும் பாண்டவரை எரிக்கத் துரியோதனன் கட்டுவித்த மாளிகைதான் நம் நினைவுக்கு வரும். அதே அரக்குதான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்து இசையைக் காத்துத் தந்தது என்றால் வியப்பாக இல்லையா? அவ்வாறு காக்கப்பட்ட கலைஞர் ஒருவரை இங்கே காண்போம்.

சார்லி கிறிஸ்டியன் 1916-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்து, ஓக்லஹோமா நகரில் வளர்ந்தவர். கறுப்பினத்தவர். தந்தையார் பார்வை இழந்த இசைக் கலைஞர். வறுமைக்குக் குறைவில்லாத குடும்பம்.

அக்காலத்து ஜாஸ் குழுக்களில் கிதாருக்குக் கிடைத்தது கடைசி வரிசைதான். ஊதுகருவிகளும் முரசும் முழங்கும்போது அதன் மெல்லொலி யார் காதில் விழும்? தாளத்துக்குத் துணை நிற்பதே அதன் வேலை. 1936-இல் கிப்சன் நிறுவனம் ‘இஎஸ்-150’ என்னும் மின்கிதாரை வெளியிட்டது. இதன் நுட்பம் எளியது. எஃகுத் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறும். அம்மாற்றம் சுருளில் மெல்லிய மின்னோட்டத்தை எழுப்பும். அதைப் பெருக்கி ஒலியாக்கினால் கிதார் மண்டபம் முழுதும் கேட்கும்.

எட்டி டர்ஹாம் போன்றோர் முன்னரே மின்கிதார் இசைத்ததுண்டு. ஆயினும் அது உரத்த கிதார் மட்டுமன்று, புதியதொரு கருவி என்று உலகுக்கு உணர்த்தியவர் கிறிஸ்டியனே. ஊதுகருவிக் கலைஞர்கள் மூச்சால் நீட்டும் நெடிய சங்கதிகளை அவர் தந்தியில் பொழிந்தார்.

1939 ஆகஸ்டில், புகழ்பெற்ற பென்னி குட்மனின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குட்மனுக்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. அன்றிரவு மேடையில் ‘ரோஸ் ரூம்’ என்ற பாட்டைத் தொடங்கினார்கள். கிறிஸ்டியனின் கற்பனை ஊற்றெடுக்க, அந்த ஒரு பாட்டே நாற்பது நிமிடத்துக்கு மேல் நீண்டது என்பர். அக்டோபரில் அதே பாட்டு இசைத்தட்டாகப் பதிவானபோது அதன் நீளம் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது!

காரணம் தட்டுத்தான். பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். மூன்று நிமிடத்தில் பக்கம் தீர்ந்துவிடும். கற்பொடி, கரி முதலியவற்றை அரக்கால் பிணைத்து அதை வார்த்தார்கள். அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து சென்றது. ராஞ்சியைச் சூழ்ந்த காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அது. அமெரிக்கக் கலைஞனின் இசை, பெயர் அறியாத நம் காட்டுவாசிகள் திரட்டிய பிசினில் பதிந்தது!

1942 மார்ச்சில் காசநோய் கிறிஸ்டியனைக் கொண்டுபோயிற்று. வயது இருபத்தைந்துதான். மறுமாதமே, போரை முன்னிட்டு அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கை எழுபது விழுக்காடு குறைத்தது. புதுத்தட்டு வார்க்கப் பழைய தட்டுகளைத் திரட்டி நொறுக்கினார்கள்.

அப்படியானால் மேடையில் மணிக்கணக்கில் பெருகிய அந்த இசையை நாம் அறிவதெப்படி? அதற்குக் காரணம் ஒரு மாணவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜெர்ரி நியூமன், தட்டில் ஒலி பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு 1941-இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலிருந்த மின்டன்ஸ் விடுதிக்குப் போனார். அங்கே நள்ளிரவுக்குப் பின் நண்பர்களோடு கிறிஸ்டியன் இசைத்ததைப் பதிந்து வைத்தார். மூன்று நிமிட வேலியைத் தாண்டிய கிறிஸ்டியனை அப்பதிவுகளில்தான் கேட்கிறோம். பின்னாளில் ‘பீபாப்’ எனப் பெயர்பெற்ற புதுநெறி முளைவிடுவதையும் அங்கே கேட்கலாம். எந்த நிறுவனமும் அவரை ஏவவில்லை. ஆர்வம் ஒன்றே ஏவியது.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பரணைச் சற்று நோக்குங்கள். பாட்டனார் வாங்கிய அரக்குத் தட்டுகள் இருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல் நிறுத்தி வையுங்கள். சாராயம் கலந்த நீர்மத்தால் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். 78 சுற்றுத் தட்டுக்குரிய ஊசியாலேயே கேளுங்கள். கேட்டதைப் பதிந்தும் வையுங்கள். அதற்கு வேண்டிய கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நியூமனோ அதைத் தோளில் சுமந்து போனார்.