அட்டவணைக்குள் உலகம் – 11: ஒரு லட்சம் ஒன்றாகும்போது

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திடம் '1,00,000' என்ற எழுத்துத் தொடரைக் கொடுத்து முழு எண்ணாக மாற்றச் சொன்னால், 1 என்று பதில் வரும். இடமிருந்து படித்துக்கொண்டே வரும் அது, முதல் கமாவைக் கண்டதும் நின்றுவிடும். அதுவரை படித்ததையே எண்ணாக எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்று பதிவாகும்தான். ஆனால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான நிரல்கள் கேட்பதில்லை. அதே தொடரைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திடம் கொடுத்தால், முழு எண்ணுக்கு இது செல்லாத வடிவம் என்ற பிழைச்செய்தியோடு வேலை அங்கேயே நின்றுபோகும்.

நள்ளிரவில் லட்சக்கணக்கான வரிசைகளை ஏற்றிக்கொண்டிருக்கும் நிரலாளருக்கு இரண்டாவது நடத்தை எரிச்சலூட்டும். ஒரு கமாவுக்காக மொத்த வேலையும் நின்றுவிட்டதே என்று தோன்றும். ஆனாலும் அவருக்கு நல்லது செய்வது போஸ்ட்கிரெஸ்தான் என்பேன். நின்றுபோன வேலையை மறுநாள் காலையில் சரிசெய்துவிடலாம். ஒரு லட்ச ரூபாய் ஒரு ரூபாயாகப் பதிவானது யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது தெரிந்தாலும், எந்த வரிசையில் கோளாறு என்று தேடி மாளாது.

சென்ற வாரம் தரவு வகைகளைப் பார்த்தோம். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதில் வரக்கூடிய மதிப்புகளின் எல்லை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் தரவுக்கு அந்த எல்லை தெரியாது. சிஎஸ்வி கோப்பு, இணையப் படிவம், பழைய கணினியிலிருந்து இறக்கிய அறிக்கை என எதில் வந்தாலும் அது வெறும் எழுத்தாகத்தான் வந்து சேர்கிறது. அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. எழுத்தாக ஒப்பிட்டால் '9' என்பது '10'-ஐ விடப் பெரியது, ஏனென்றால் முதல் எழுத்தை வைத்தே முடிவு செய்யப்படும். எங்கோ ஓர் இடத்தில் எழுத்து எண்ணாகவோ தேதியாகவோ மாறியே ஆக வேண்டும். அந்த இடத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் தரவுத்தளமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

அது எப்படி இருக்கும் என்பதற்கும் மைஎஸ்கியூஎல்லே உதாரணம். கூப்பன் குறியீடுகள் எழுத்தாகச் சேமிக்கப்பட்ட ஒரு டேபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'குறியீடு = 0' என்று, மேற்கோள் குறி இல்லாமல் ஒருவர் தேடிவிடுகிறார். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண் என்றால், இரண்டையும் மிதவைப் புள்ளி எண்ணாக்கி ஒப்பிடுவது அதன் விதி. எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் எல்லாமே 0 ஆகிவிடும்; அத்தனை வரிசைகளும் பொருந்திவிட்டதாக விடை வரும். கூப்பனுக்குப் பதில் கடவுச்சொல் மாற்றும் ரகசியக் குறியீடு அந்த நெடுவரிசையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் சோதித்துவிட்டு, எண் என்று தெரிந்த பிறகு மாற்றினால் போதாதா? பல ஆண்டுகளாக எல்லோரும் செய்து வந்தது அதுதான். எஸ்கியூஎல் சர்வரில் இதற்கென்றே ஐஎஸ்நியூமெரிக் என்ற செயற்கூறு உண்டு. அதில் இரண்டு சிக்கல்கள். '$' என்ற ஒற்றைக் குறியைக் கொடுத்தாலும் எண்தான் என்று சொல்லும்; '1e5' என்றாலும் அதே பதில். ஏதோ ஓர் எண் வகைக்கு அவை பொருந்தும் என்பது அதன் கணக்கு. முழு எண்ணாக மாற்றப்போனால் இரண்டும் தோற்கும். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. 'எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண் 100-க்கு மேல் இருக்க வேண்டும்' என்று இரண்டு நிபந்தனைகளை வரிசையாக எழுதினால், நாம் எழுதிய வரிசையில்தான் அவை இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எது வேகம் என்று பார்த்துத் தரவுத்தளமே வரிசையை மாற்றிக்கொள்ளலாம். சோதனைக்கு முன்பே மாற்றம் நடந்து, ஒருநாள் ஓடிய குவெரி மறுநாள் விழும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

இதற்கு ஒழுங்கான தீர்வு எஸ்கியூஎல் சர்வரின் 2012 பதிப்பில் வந்தது. ட்ரை_காஸ்ட், ட்ரை_கன்வெர்ட் என்ற இரண்டும் சோதனையையும் மாற்றத்தையும் ஒரே செயலாக்கின. மாற்ற முடிந்தால் மதிப்பு வரும். முடியாவிட்டால் நல், அதாவது மதிப்பு இல்லை என்ற நிலை. ஆரக்கிள் தன் 12.2 பதிப்பில், மாற்றம் தோற்றால் எந்த மதிப்பை வைத்துக்கொள்வது என்று நாமே சொல்லும் வசதியைத் தந்தது. பிக்குவெரியில் சேஃப்_காஸ்ட், ஸ்னோஃப்ளேக்கிலும் டக்டிபியிலும் ட்ரை_காஸ்ட். போஸ்ட்கிரெஸ்தான் நெடுநாள் காக்க வைத்தது. பிழையைப் பிடிக்கும் ஒரு செயற்கூறை நாமே எழுதி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துணைப் பரிவர்த்தனையின் செலவைத் தாங்க வேண்டியிருந்தது. 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில்தான், இந்த எழுத்து இந்த வகைக்குச் செல்லுமா என்று பிழை எழுப்பாமல் கேட்கும் வசதி சேர்ந்தது.

ட்ரை_காஸ்ட்டைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது தடுப்பது பிழைச்செய்தியை மட்டும்தான்.

வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத தொடரை எடுத்துக்கொள்வோம். தொகையை நிரப்பாமல் விட்ட ஒரு படிவம் '' என்று வந்து சேரும். எஸ்கியூஎல் சர்வரில் அதை ட்ரை_காஸ்ட் கொண்டு முழு எண்ணாக்கினால் நல் வராது, 0 வரும். தேதியாக்கினால் 1900 ஜனவரி 1. இரண்டுமே அதன் பார்வையில் வெற்றிகரமான மாற்றங்கள். போஸ்ட்கிரெஸ் இதைப் பிழை என்கிறது. ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமே நல். வருமானம் சொல்லாதவரும் வருமானமே இல்லாதவரும் ஒன்றல்ல. உதவித்தொகைக்கான பட்டியல் எடுக்கும்போது இந்த வேறுபாட்டை அழித்துவிட்டால், தகுதி இல்லாதவர் உள்ளே வருவார். எஸ்கியூஎல் சர்வரில் மாற்றுவதற்கு முன் நல்இஃப் கொண்டு வெற்றுச் சரத்தை நல்லாக்கிவிடுவது ஒரு சொல் செலவுதான். அதைச் செய்யாத குவெரிகள் ஏராளம்.

தேதிகள் இதைவிட மோசம். '03/04/2021' நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. எஸ்கியூஎல் சர்வரின் இயல்பு மொழி அமெரிக்க ஆங்கிலம். நாள்-மாதம்-ஆண்டு என்று நாம் எழுதிய தேதிகளை வடிவம் குறிப்பிடாமல் அதில் ட்ரை_காஸ்ட்டுக்குள் செலுத்தினால் என்ன ஆகும்? 365 நாட்களில் 13-ஆம் தேதியும் அதற்கு மேலும் வரும் 221 நாட்கள் நல் ஆகும், 13-வது மாதம் என்று ஒன்று இல்லாததால். நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் 12 நாட்கள் தப்பிக்கும். மீதி 132 நாட்கள் சத்தமில்லாமல் வேறு தேதிகளாக மாறிவிடும். நல் ஆனவற்றைப் பார்த்து யாராவது சுதாரித்தால் பிழைத்தோம். 'மாறாதவை எத்தனை' என்று எண்ணி, அவற்றை மட்டும் கையால் திருத்திவிட்டு, மாறியவை எல்லாம் சரி என்று நம்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. ட்ரை_கன்வெர்ட்டில் 103 என்ற பாணி எண்ணைச் சேர்த்தால் நாள்-மாதம்-ஆண்டு என்று படிக்கும். வடிவம் சொல்லாமல் ஒரு தேதியைக்கூட மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருப்பதில் தவறே இல்லை.

ஆண்டு, மாதம், நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறை 1988-இலேயே வந்துவிட்டது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகையில், மொழியைப் பிரிட்டிஷ் ஆங்கிலமாக வைத்திருந்தால் '2021-03-04' என்பது ஏப்ரல் 3 ஆகிவிடும். இடைக்கோடு இல்லாத '20210304' தான் அங்கே பாதுகாப்பு. புதிய டேட் வகைக்கு இந்தக் கோளாறு கிடையாது.

வடிவம் சொல்லிவிட்டால்கூட எல்லாம் தீர்ந்துவிடாது. போஸ்ட்கிரெஸ்ஸின் டு_டேட் செயற்கூறு 10-ஆம் பதிப்புக்கு முன்பு ஜூன் 40 என்று கொடுத்தாலும் மறுக்காது; நாட்களை எண்ணிப் பார்த்து ஜூலை 10 என்று தந்துவிடும். இரண்டு இலக்க ஆண்டு இன்னொரு வலி. பிறந்த ஆண்டு 65 என்று எழுதியிருந்தால் எஸ்கியூஎல் சர்வர் 1965 என்கிறது. மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸ்ஸும் 2065 என்கின்றன. முன்னதற்கு எல்லைக்கோடு 49, பின்னவற்றுக்கு 69. அறுபது வயதைத் தொட்ட ஒருவர் இன்னும் பிறக்காதவராகிவிடுவார்; அவருடைய ஓய்வூதிய விண்ணப்பத்தை எந்தக் கணினியும் ஏற்காது. இவற்றை மாற்றத்தால் பிடிக்க முடியாது. பிறந்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது என்று தனியாக ஒரு சோதனை எழுதினால்தான் பிடிபடும்.

மாற்றவே கூடாதவையும் உண்டு. கைபேசி எண்ணில் இருப்பவை எல்லாம் இலக்கங்கள்தான். ஆனாலும் அதைக் கூட்டவோ பெருக்கவோ யாரும் போவதில்லை. சாதாரண முழு எண் வகையின் உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் கைபேசி எண்கள் 600 கோடிக்கு மேல் தொடங்குகின்றன. எல்லை மீறும் மதிப்பை மறுக்கும் கண்டிப்பு முறை இயங்காத மைஎஸ்கியூஎல்லில் அவற்றை அந்த வகைக்குள் திணித்தால், எல்லார் எண்ணும் 2147483647 என்றே பதிவாகும். கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 5.7 பதிப்பில்தான். மதுரையின் தொலைபேசிக் குறியீடான 0452 எண்ணாக மாறினால் 452 ஆகும். எக்செல் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். 16 இலக்க அட்டை எண்ணை அதில் எண்ணாகத் திறந்தால் கடைசி இலக்கம் 0 ஆகும், திரும்பக் கிடைக்காது.

எக்செல்லின் இந்த ஆர்வத்துக்கு உயிரியலாளர்கள் கொடுத்த விலை பெரியது. 'செப்ட்2' என்ற மரபணுவின் பெயரைத் தட்டினால் செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். 'மார்ச்1' மார்ச் 1 ஆகும். '2310009E13' போன்ற ஆய்வக அடையாளங்கள் அடுக்குக்குறி எண்களாக மாறின. 2004-இலேயே இதை ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. 2016-இல் இன்னொரு குழு, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் ஹியூகோ மரபணுப் பெயரிடல் குழு 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது: செப்ட் இனி செப்டின், மார்ச் இனி மார்ச்எஃப். தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-இல்தான் எக்செல்லில் சேர்த்தது. ஒரு மென்பொருளின் அவசரத்துக்கு அறிவியல் தன் பெயர்களை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

தமிழ் எண்களைக் கையாள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைத்தானிடம் '௨௦௧௫' என்று கொடுத்தால் 2015 என்று சரியாகப் படிக்கும். யூனிகோடில் அவை பத்தடிமான இலக்கங்கள் என்று குறிக்கப்பட்டிருப்பதே காரணம். பத்தைக் குறிக்கும் '௰' அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கொடுத்தால் பிழை வரும். போஸ்ட்கிரெஸ் தமிழ் இலக்கங்களை முழு எண்ணாக ஏற்காது. எனவே பைத்தானில் 'இலக்கமா' என்று பொதுவாகச் சோதித்துவிட்டுத் தரவுத்தளத்துக்கு அனுப்பினால், சோதனையில் தேறியது அங்கே தோற்கும். 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதிச் சோதிப்பதே மேல். வெளியிலிருந்து ஒட்டிய எழுத்துகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் உடையாத இடைவெளியும் இப்படித்தான். கண்ணுக்குச் சாதாரண இடைவெளி. தரவுத்தளத்தில் இடைவெளி நீக்கும் ட்ரிம் அதை நீக்காது.

இத்தனைக்கும் பிறகு நான் பரிந்துரைக்கும் முறை எளியது. வந்த கோப்பை முதலில் எல்லா நெடுவரிசைகளும் எழுத்தாகவே உள்ள ஒரு தற்காலிக டேபிளில் இறக்குங்கள். எதுவும் மாற்ற வேண்டாம், இடைவெளியைக்கூட நீக்க வேண்டாம். பிறகு பக்கத்திலேயே புதிய நெடுவரிசைகளில் மாற்றப்பட்ட மதிப்பை எழுதுங்கள். மூலத்தில் ஏதோ இருந்து, மாறியதில் நல் வந்த வரிசைகளைத் தனியே பிரியுங்கள். அவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் மூல எழுத்தை வடிவ வாரியாகத் தொகுத்துப் பாருங்கள். கமா போட்டவை ஒரு கூட்டம், 'ரூ.' சேர்த்தவை ஒரு கூட்டம், 'தெரியாது' என்று எழுதியவை ஒரு கூட்டம் என்று தாமாகப் பிரிந்து நிற்கும். முதல் இரண்டுக்கும் விதி எழுதலாம். மூன்றாவதை நல்லாகவே விடுங்கள், காரணத்தை இன்னொரு நெடுவரிசையில் குறித்துவைத்து. மிச்சம் நிற்பவற்றைத் தரவைத் தந்தவரிடமே திருப்பி அனுப்பிக் கேட்க வேண்டும். மாறிவிட்டவற்றிலும் மிகச் சிறியது, மிகப் பெரியது, அடிக்கடி வருவது ஆகிய மூன்றையும் எடுத்துப் பாருங்கள். 1900 ஜனவரி 1 நூறு முறை வந்தால், அது நூறு பேர் பிறந்த நாள் அல்ல.

மூல எழுத்து இருக்கும் அந்தத் தற்காலிக டேபிளை, இடம் அடைக்கிறது என்று வேலை முடிந்த மறுநாளே அழித்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு தணிக்கை முடியும் வரையாவது இருக்கட்டும். அதை எங்கே, எவ்வளவு காலம், யார் பார்வைக்கு வைப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.