பூனைக்குச் சுகர்: வீட்டு மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் படுத்திருக்கும்போது 130 இருக்கும் ரத்தச் சர்க்கரை, ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றியதும் 300-ஐத் தொடலாம். பூனையின் உடம்புவாகு அப்படி. கூடையில் அடைபட்டு, பஸ்ஸில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் வராண்டாவில் காத்திருக்கும் பயத்திலேயே, நோயில்லாத பூனைக்கும் சர்க்கரை ஏறிவிடும். அதனால்தான் ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தை வைத்து, பூனைக்குச் சர்க்கரை நோய் என்று நல்ல டாக்டர் யாரும் முடிவு கட்டுவதில்லை. சிறுநீரையும் பார்ப்பார், கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையும் கேட்பார்.

நோய் உறுதியான பிறகும் இந்தச் சிக்கல் தீராது. காலையில் போட்ட இன்சுலின் எப்போது வேலை செய்கிறது, எவ்வளவு இறக்குகிறது என்று அறிய 12 மணி நேரத்துக்கு, இரண்டு மணிக்கொரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில் இருக்கும் கீரனூரை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஊர்களில் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றே மக்கள் அழைக்கும் கால்நடை மருந்தகத்துக்குக் கறவை மாடும் ஆடும் கோழியுமே அன்றாட வேலை. பூனையைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ திண்டுக்கல்லுக்கோ போகலாம். ஆனால் வாரந்தோறும் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது. அப்படியே உட்கார்ந்தாலும் பயத்தில் ஏறிய எண்தான் கிடைக்கும். ஆகவே கீரனூர்க்காரருக்கு வீட்டு மீட்டர் ஆடம்பரமல்ல. சிகிச்சையில் பாதி அதுதான்.

பூனைக்கெல்லாம் சுகரா?

அக்கம்பக்கத்தில் இப்படித்தான் கேட்பார்கள். வரும். வயதான, உடல் பருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு அதிகம் வரும். பூனை இறைச்சி தின்னப் பிறந்த பிராணி. நாம் அதற்குப் பால்சோறும் தயிர்சோறும் பிசைந்து வைக்கிறோம். வீட்டோடு கிடந்து மாவுச்சத்தையே தின்று உடம்பு போட்ட பூனைக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. ரத்தச் சர்க்கரை சுமார் 250-ஐத் தாண்டினால் அது சிறுநீரில் இறங்கத் தொடங்கும். அப்புறம் எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்தடியிலேயே பூனையைப் பார்க்கலாம். நிறைய ஒன்றுக்குப் போகும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும். சில பூனைகள் பின்னங்கால் பாதத்தை முழுக்கத் தரையில் பதித்துத் தளர்ந்து நடக்கும். இந்த அறிகுறிகளைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள்.

மனிதர் மீட்டர், பூனை ரத்தம்

பிராணிகளுக்கென்றே ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டர்கள் உண்டு. பூனைக்குத் தனிக் குறியீடு, நாய்க்குத் தனிக் குறியீடு வைத்து அவை கணக்கிடும். ஆனால் அவற்றின் ஸ்டிரிப்பை ஊர் மெடிக்கலில் கேட்டு வாங்க முடியாது. அப்பாவுக்கு வாங்கிய மீட்டர்தான் பெரும்பாலான வீடுகளில் கையில் இருக்கும். அதில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அது எந்தப் பக்கம் பிசகும் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். மனித ரத்தத்தில் உள்ள குளுக்கோஸில் ஏறக்குறைய 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் மீதி சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. பூனைக்கோ 93 சதவீதம் பிளாஸ்மாவில்; சிவப்பணுக்களில் வெறும் 7 சதவீதம். மனிதக் கணக்கை மனத்தில் வைத்துச் செய்த மீட்டர், அதனால் பூனைக்கு உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். சர்க்கரை உயர உயர இந்த வித்தியாசமும் பெருகும்.

எப்போதும் எடை குறைத்துக் காட்டும் தராசு என்று தெரிந்துவிட்டால், அதை வைத்தும் வியாபாரம் செய்யலாம். தினம் ஒரு தராசை மாற்றினால்தான் கணக்குக் குழம்பும். மீட்டருக்கும் இதுவே விதி. குறைத்துக் காட்டுவதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. இன்சுலின் போடும் பூனைக்கு உடனடி ஆபத்து சர்க்கரை இறங்குவதுதான். மீட்டர் 55 காட்டி உண்மையில் 70 இருந்தால், நாம் முன்கூட்டியே உஷாராகிறோம், பூனைக்கு நஷ்டமில்லை. ரத்தசோகை உள்ள பூனையில் மட்டும் இது தலைகீழாகும், மீட்டர் கூட்டிக் காட்டும். எனவே ரத்த அணுக்களின் அளவையும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

270-ம் 320-ம் ஒன்றுதான்

வீட்டு மீட்டர்களுக்கான உலகத் தர அளவுகோல் ஐஎஸ்ஓ 15197. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மை 300 என்றால் மீட்டர் 255 காட்டினாலும் 345 காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். மனித ரத்தத்துக்கே இவ்வளவு சலுகை. நேற்று 270, இன்று 320 என்று பதறி இன்சுலினைக் கூட்டுவது, இல்லாத மாற்றத்துக்கு மருந்து கொடுப்பது. பல நாட்களின் போக்கைப் பாருங்கள். தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறதா, எடை ஏறியிருக்கிறதா என்று பூனையையும் பாருங்கள்.

மீட்டரைச் சோதிக்க ஆய்வகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். வெயில் நாளில் இன்னும் வேகமாக. கீரனூரில் எடுத்த ரத்தம் பழனி போய், வரிசையில் காத்திருந்து, மூன்று மணி நேரம் கழித்து மெஷினில் ஏறினால், பொய் சொல்வது ஆய்வகச் சீட்டாக இருக்கலாம். பழி மீட்டர் மேல் விழும். ஒப்பிடுவதானால் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், அல்லது உடனே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அதே நிமிடத்தில் உங்கள் மீட்டரிலும் ஒரு சொட்டு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

மெஷின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள், செலவெல்லாம் ஸ்டிரிப்பில்தான். அந்த ஸ்டிரிப் உங்கள் ஊரிலேயே எப்போதும் கிடைக்குமா என்பது முதல் கேள்வி. எவ்வளவு ரத்தம் வேண்டும் என்பது அடுத்தது. பூனையின் காதில் பெரிய சொட்டு வராது, 0.6 மைக்ரோலிட்டரோ அதற்கும் குறைவோ கேட்கும் மீட்டர் நல்லது. 1 மைக்ரோலிட்டர் கேட்கும் மீட்டரில் பாதி ஸ்டிரிப் வீணாகும். சோதனைத் திரவம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். புது ஸ்டிரிப் டப்பா திறக்கும்போது ஒரு சொட்டு விட்டுப் பார்க்க அது உதவும். அலகு மி.கி./டெ.லி. தானா என்று பாருங்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எழுத்துகளில் மில்லிமோல் கணக்கு இருக்கும். அதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு.

வாங்கிய பிறகு பெரிய எதிரி நம் வெயில். பெரும்பாலான ஸ்டிரிப் டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றுதான் அச்சிட்டிருக்கும். சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டு அலமாரியும் வண்டிப் பெட்டியும் அதைவிட எவ்வளவோ சூடு. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், வெளியே எடுக்கும்போது ஈரம் கோக்கும். எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடுங்கள்.

காதோரம் ஒரு சொட்டு

பூனையின் காது மடல் ஓரமாக ஒரு மெல்லிய நரம்பு ஓடுவது வெளிச்சத்தில் தெரியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் சிறிது நேரம் வைத்தால் ரத்த ஓட்டம் கூடும். ஈரத்தைத் துடைத்து, துளி வாசலைனை மெல்லியதாகத் தடவினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் மணியாகத் திரண்டு நிற்கும். காதின் பின்புறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டு, நரம்பை ஒட்டினாற்போல் ஊசியால் குத்துங்கள். ஸ்டிரிப்பின் நுனியைச் சொட்டில் காட்டினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அரை நிமிடம் பஞ்சால் அழுத்திவிட்டு, ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். ஸ்பிரிட் தடவாதீர்கள், எரியும், ரத்தத்தோடும் கலக்கும். முதல் சில நாட்கள் முரண்டு பிடிக்கும் பூனை, கறித்துண்டுக்காகவே பிறகு தானாக வந்து உட்காரப் பழகும்.

நம்ப முடியாத எண் வந்தால் உடனே இன்னொரு ஸ்டிரிப்பில் பாருங்கள். அப்புறம் இன்சுலின் சிரிஞ்சைப் பாருங்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகை இன்சுலினும் புழங்குகின்றன. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பூனை தள்ளாடினாலோ, சோர்ந்து விழுந்தாலோ, வெட்டி இழுத்தாலோ தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு, டாக்டரிடம் ஓடுங்கள்.

வீட்டில் பார்ப்பதன் பலன்

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு 2009-இல் வெளியான கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் ஆய்வைச் சொல்வேன். 55 பூனைகள், எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர்களே மீட்டரில் பார்த்து, கிளார்ஜின் இன்சுலின் போட்டார்கள், மாவுச்சத்துக் குறைந்த உணவு கொடுத்தார்கள். 64 சதவீதப் பூனைகள் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்தன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம். தாமதித்தவற்றில் 35 சதவீதம். சர்க்கரை நோயிலிருந்து இப்படி மீளும் வரம் நாய்க்குப் பெரும்பாலும் இல்லை, பூனைக்கு உண்டு. ஆனால் அளவு இறங்கி வரும்போது மருந்தையும் உடனுக்குடன் குறைக்க வேண்டும். மீட்டர் இல்லாத வீட்டில் அது தெரியாது.

ஆகவே இன்சுலின் வாங்கும் அன்றைக்கே மீட்டரையும் வாங்குங்கள். எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் ஊசி போடக் கூடாது என்பதை டாக்டரிடம் எழுதியே வாங்குங்கள். எந்த மீட்டரில் பார்க்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தேதி, நேரம், எண், யூனிட், சாப்பிட்டதா என்று ஒரு நோட்டில் குறித்துப் போனில் அனுப்புங்கள். பாதியில் மீட்டரை மாற்றாதீர்கள். ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, நீங்களாக மருந்தைக் கூட்டவே கூட்டாதீர்கள்.